கருவாட்டுத் தொட்டியில் ஊறிய துப்பாக்கி

தாமோதரன் செத்துப்போய்ப் பதினாறாம் நாள் காரியத்துக்கு ராயபுரம் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். 'புராதன ஆயுத நிபுணர், ஆங்கிலேயக் கனவான்களின் நன்மதிப்பைப் பெற்றவர், பொய் அறியாதவர்' என்று அதில் போட்டிருந்தது. முதல் இரண்டை வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். பொய் அறியாதவராம்! அதைப் படித்ததும் எனக்குக் குபீரென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஆசீர்வாதம். ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு குடை, ஒரு மைக்கூடு வைத்துக்கொண்டு ஜனங்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுக்கிறவன். ஊரில் ரைட்டர் என்பார்கள். தாமோதரன் கொடுத்த சர்டிபிகேட் எல்லாம் நான் எழுதியவை. அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் அவனுடையது. அதைப் போடவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆகையால் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. யோக்கியதை உண்டா என்று கேட்டுவிடாதீர்கள்.

தாமோதரன் முதலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தான். அரம் பிடித்தால் அவன் கையில் இரும்பு வெண்ணெயாகிவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஒருநாள் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரன், குதிரை உடைந்துபோன ஒரு கைத்துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுத்தான். பாட்டன் காலத்துச் சாமான். தாமோதரன் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் தரையில் கரியால் படம் போட்டு வைத்துக்கொண்டு, பழுது பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த மாதமே பட்டறை வேலையை விட்டுவிட்டு, அந்தப் படங்களைப் பார்த்து அதே மாதிரி துப்பாக்கி செய்ய உட்கார்ந்துவிட்டான்.

அது கேப்புத் துப்பாக்கி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டா என்ற சாமான் வருவதற்கு முன்னால் இருந்தது அது. குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். குழலின் பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதன் தலையில் செம்புத் தொப்பி ஒன்றை மாட்டுவார்கள், அதுதான் கேப்பு. குதிரை என்கிற சுத்தி வந்து அதன்மேல் விழுந்தால் கேப்பு வெடிக்கும். குமிழுக்குள் இருக்கிற ஊசித் துவாரம் வழியாக நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். துவாரம் இல்லையென்றால் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தாமோதரன் செய்த துப்பாக்கி எதிலும் அந்தத் துவாரம் கிடையாது.

"இன்னா ரைட்டரே, இது தெரியலியா உனக்கு?" என்பான். "தொள போட்டா துப்பாக்கி, போடலேன்னா இரும்பு. துப்பாக்கி பண்ணா ஜெயிலு, இரும்பு பண்ணா தொயிலு."

முதலில் செய்ததைப் பளபளவென்று தேய்த்து வைத்தான். ஒரு பயலும் சீந்தவில்லை. துரைமாருக்கும், துரைமாரைப் பார்த்துக் கோட்டு மாட்டிக்கொண்ட நம்மவர்களுக்கும் வேண்டியது பழசு. சுவரில் மாட்டி, விருந்துக்கு வந்தவனிடம் 'இது அந்தக் காலத்துச் சண்டையில் சுட்டது' என்று அளக்க வேண்டும். அதற்குத் துரு வேண்டும். துருவுக்கு உப்பு வேண்டும். அப்படித்தான் திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்தில் மீன் உப்புப் போடும் சிலுவையம்மாள் இந்தக் கதைக்குள் வந்தாள்.

அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு இருந்ததெல்லாம் இரண்டு காரைத் தொட்டி, ஒரு கொட்டகை, காலை வேளையில் குப்பத்தையே எழுப்பிவிடும் ஒரு தொண்டை. கப்பல் சாமான், துரு ஏறினால்தான் வெள்ளைக்காரன் வாங்குவான் என்று சொல்லித் தாமோதரன் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக் கொடுப்பான். அவள் அதைக் காரல் மீனுக்கும் வாளைக்கும் நடுவே மூன்று வாரம் புதைத்து வைத்து, எடுத்துக் கழுவித் தருவாள். பதிலுக்குத் தொட்டி விரிசலை அடைப்பான், கொட்டகைக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தருவான். அவளுக்கு அது போதுமாயிருந்தது. கோணிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்தான். தொளையில்லாத இரும்பால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்திருந்தாள்.

இப்படியாகப் பழசு விற்கிறவன், பழசை மதிப்பிடுகிறவனாகவும் ஆனான். அதுதான் வேடிக்கை. ஜமீன்தார், டாக்டர், கப்பல் ஏஜென்டு என்று எத்தனையோ பேர் தங்கள் வீட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வருவார்கள். தாமோதரன் அல்பாக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, கடிகாரக்காரன் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அரைமணி நேரம் மூச்சு விடாமல் பார்ப்பான். அப்புறம் சாமானைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வான்.

"பம்பாய் டூப்பு சரக்கு. கலீஜ்! இத்தப் போயி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிகினு கீறீங்களே."

சொன்னது சரியாகவே இருக்கும், அதுதான் கொடுமை. முத்திரை என்றால் உளியால் அடித்து இரும்பில் இறங்கியிருக்க வேண்டும். பம்பாய்க்காரன் வார்ப்பிலேயே ஊற்றிவிடுவான், ஓரம் மழுங்கிக் கிடக்கும். பழைய கட்டை என்றால் கை பிடிக்கிற இடம் மட்டும் தேய்ந்திருக்கும். பம்பாய்க்காரன் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்த்துவிடுவான். இதையெல்லாம் விரல் வைத்துக் காட்டுவான் தாமோதரன். வந்தவர் முகம் தொங்கிப்போகும். அப்போது உள்ளே போய் ஒரு கோணியை எடுத்து வருவான். 'தற்செயலாக ஒன்று இவரிடம் வந்திருக்கிறது' என்று பக்கத்தில் இருக்கும் என்னைச் சொல்ல வைப்பான். கூடவே நான் எழுதிய சர்டிபிகேட்டும் போகும்.

ஒரே ஒரு குறை, அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. துப்பாக்கியின் பக்கத் தகட்டில் இங்கிலீஷில் ஏதாவது பொறித்திருந்தால்தான் அழகு என்று அவனுக்குப் பட்டது. துறைமுகத்தில் இறங்குகிற பெட்டிகளின்மேல் கொட்டை எழுத்தில் 'கீப் டிரை' என்று போட்டிருக்குமே, நனையாமல் வை என்று? அதைப் பார்த்து ஓர் எழுத்து பிசகாமல் செதுக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அடப்பாவி, இது பெட்டிமேல எழுதறதுடா! நனையாம வைன்னு அர்த்தம்."

"எய்த்து ஸோக்கா கீதா இல்லியா, அத்தச் சொல்லு" என்றான். "படிக்கறவன் அர்த்தம் பண்ணிக்குவான், உடு."

அவன் சொன்னபடியே ஆயிற்று. அதை வாங்கினவர் ஒரு மாஜிஸ்திரேட். எந்தக் கோர்ட்டு, என்ன பேர் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"ரைட்டர், கவனித்தீரா? வெடிமருந்தை நனையாமல் வைத்துக்கொள் என்பதுதான் அந்தக் காலப் பட்டாளத்தின் முதல் உத்தரவு. அதையே ஆயுதத்தில் பொறித்திருக்கிறான். இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரன்தான்!"

நான் அதையும் சர்டிபிகேட்டில் எழுதினேன். பி.ஏ. படித்தவரே சொல்லும்போது ஸ்டேஷன் வாசல் ரைட்டர் மறுக்கலாமா? மாஜிஸ்திரேட் அதைக் கூடத்துச் சுவரில், தன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றுமுதல் தாமோதரன் செய்ததெல்லாம் 'கீப் டிரை' துப்பாக்கிதான். நனையாமல் வை என்று செதுக்கி, மூன்று வாரம் உப்புத்தண்ணீரில் போட்டு வைத்துத்தான் விற்றோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் வடக்கே எங்கெங்கோ வெள்ளைக்கார அதிகாரிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே போலீஸ்காரர்கள் உலக்கையைக் கண்டாலும் தூக்கி உற்றுப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் சாராயம் தேடிக் குப்பத்துக்குள் புகுந்த ஓர் இன்ஸ்பெக்டர், சிலுவையம்மாளின் தொட்டிக்குள் தடியை விட்டுக் கிளறினார். சாராயம் வரவில்லை. துப்பாக்கி வந்தது.

பெரிய மனிதர் வீட்டுச் சுவரில் தொங்கினால் அது புராதனப் பொருள். கருவாட்டுத் தொட்டியில் கிடந்தால் ஆயுதம். லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்ததாகவும், கலகக்காரர்களுக்குச் சப்ளை செய்ததாகச் சந்தேகிப்பதாகவும் எழுதி, அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குற்றம் ருசுவானால் இரண்டு வருஷம் உள்ளே.

அவள் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டாள். "இது துப்பாக்கி இல்ல சாமி, வெறும் இரும்பு. ராயபுரம் தாமோதர மேஸ்திரி ஊறப்போட்டது. அவரையே கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆனால் எப்படிக் கேட்டார்! அவர் காதில் விழுந்தது தாமோதரன் என்கிற பெயர் மட்டும். அட, அந்த நிபுணரா! மாஜிஸ்திரேட் வீட்டுத் துப்பாக்கிக்கே சர்டிபிகேட் கொடுத்தவராயிற்றே! ஜட்காவில் வந்து இறங்கி, கடை வாசலில் நின்று சல்யூட் அடித்தார். "மிஸ்டர் தாமோதரன், உங்க எக்ஸ்பெர்ட் அபிப்பிராயம் வேணும்." தெருவே கூடிவிட்டது. போலீஸ்காரன் கையால் சல்யூட் வாங்குகிறவனைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

தாமோதரன் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, தன் கையால் செய்ததைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொய் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இதன் கூடப்பிறந்தது மாஜிஸ்திரேட் கூடத்தில் தொங்குகிறது. அசல் என்று சொன்னால் அந்த அம்மாள் உள்ளே போவாள். என்னை ஒரு தரம் பார்த்தான். நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

"அசல்தாங்க" என்றான்.

"எந்தக் காலத்தது?"

"ஆயிரத்தெண்ணூத்தி நாப்பது, நாப்பத்திரண்டு இருக்குங்க."

அந்தச் சர்டிபிகேட்டையும் நான்தான் எழுதினேன். எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது.

ஜாமீன் கொடுக்க ஆள் வரவில்லை. சிலுவையம்மாள் முப்பத்தொரு நாள் சப்-ஜெயிலில் கிடந்தாள். வாளை மீன் கரையில் வந்து குவிகிற மாதம் அது. தொட்டியில் போட்டிருந்த மீனைப் புரட்ட ஆளில்லாமல் அத்தனையும் புழுத்துப்போய்க் குப்பத்தார் அள்ளிக் கடலில் கொட்டினார்கள். தாமோதரன் அந்தப் பக்கமே போகவில்லை.

நான் ஒருநாள் அவனைப் பிடித்துக்கொண்டேன். "போய்ச் சொல்லித் தொலையேன்டா. பாவம்டா அவ."

"நீ போயி சொல்லேன்" என்றான். "எய்துனது நீதானே? நா கைநாட்டுக்காரன் நைனா. இங்கிலீசுல இன்னா எய்திக்கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"பொம்பளன்னு பாத்து உட்டுருவாங்க, நீ பேஜார் பண்ணாத" என்று அவனே சமாதானமும் சொன்னான். அந்தச் சமாதானத்தை நானும் எடுத்துக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நம்முடைய 'கீப் டிரை' மாஜிஸ்திரேட்டேதான். கூண்டில் சிலுவையம்மாள் பாதியாக இளைத்து நின்றாள். எங்களைப் பார்த்தாள். சாட்சிகள் வரிசையில் தாமோதரன் கோட்டுப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நான். அசல் என்று இன்னொரு தரம் சொல்வதற்கு அவன் தயாராகத்தான் வந்திருந்தான். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நிபுணர் போதவில்லை. மவுண்ட் ரோடில் ஒரு துப்பாக்கிக் கடையிலிருந்து ஒரு துரையையும் கூட்டி வந்து முதலில் அவரை ஏற்றினார். துரை சாமானைக் கையில் வாங்கினார், மூக்கைச் சுளித்தார், கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார்.

"இன்னா சொல்றான்?" என்று தாமோதரன் என் விலாவில் இடித்தான்.

நான் சும்மா மொழிபெயர்த்தேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. "நல்ல நேர்த்தியான வேலையாம். பர்மிங்ஹாமிலயோ லண்டன்லயோ கைதேர்ந்தவன் யாரோ பண்ணதாம். இந்த ஊர் ஆளுங்க கையால இந்த மாதிரி வேலை நடக்கவே நடக்காதாம்."

தாமோதரன் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. எழுந்து நின்றுவிட்டான்.

"யாரப் பாத்து இன்னா சொல்ற? எவன்டா லண்டன்காரன்? நாந்தான் பண்ணேன்! இந்தக் கையி, இந்தக் கையி பண்ணுச்சு!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. சேவகன் ஓடி வந்தான். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "நீர்தானே அசல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்?"

"அப்போ பொய் சொன்னேன் தொர. இப்போ மெய் சொல்றேன்."

"எதை நம்புவது?"

"என்னிய நம்ப வாணாம், சாமானப் பாருங்க" என்று கூண்டு, சேவகன் எதையும் லட்சியம் பண்ணாமல் மேஜைக்கே போய்விட்டான். வாழ்நாளில் அவன் செய்த மதிப்பீடுகளிலேயே உண்மையான மதிப்பீடு அதுதான். "நெசமான பழசுல துரு இந்தக் குமிழச் சுத்தித்தான் அரிச்சிருக்கும், கேப்பு வெடிச்சி வெடிச்சி அந்த எடம் பொத்தல் பொத்தலா பூடும். இதுல பாருங்க, எல்லா எடமும் ஒரே துரு. கருவாட்டு உப்பு. திருகாணி தலைல வெட்டப் பாருங்க, எவ்ளோ அகலம்! எங் கிட்ட கீற ரம்பத்து அகலம். அந்தக் காலத்துத் திருகாணில நெகம் கூட நொழையாது."

"இந்த வாசகம்?" மாஜிஸ்திரேட்டின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இது பட்டாளத்து உத்தரவல்லவா?"

"கப்பல் பொட்டி மேல எய்தியிருந்துச்சிங்க. ரைட்டரு அப்பவே வாணாம்னாரு."

அந்த நேரத்தில் என்னைப் பார்க்காத கண் கோர்ட்டில் இல்லை. மாஜிஸ்திரேட்டின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் விடவில்லை. "இதெல்லாம் வாய்வார்த்தை. சுடுமா, சுடாதா? அதுதான் கேள்வி."

"ஊதிப் பாருங்க" என்றான் தாமோதரன். "கொயாய் வாயில வாய வெச்சி ஊதுங்க. தொள கீதுன்னா குமிழ் வழியா காத்து வரும். வந்துச்சின்னா அசல், என்னியத் தூக்குல போடுங்க."

துரையிடம் நீட்டினார்கள். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். கடைசியில் இன்ஸ்பெக்டர்தான் ஊதினார். கன்னம் இரண்டும் பூசணியாக உப்பின, கண் பிதுங்கியது, காற்று ஒரு சொட்டும் வரவில்லை. மாறாக உள்ளேயிருந்த பழைய உப்புத்தூள் அவர் தொண்டைக்குள் போயிற்று. வெளியே ஓடிப்போய் ஐந்து நிமிஷம் காறினார். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னேயே கோர்ட்டை ஒத்திவைத்துவிட்டு வண்டியேறி வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் முன்வரிசை வக்கீல்கள் எல்லாரும் காகிதத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவர் உதட்டைச் சுற்றி, மீசைக்குக் கீழே, வட்டமாகத் துருக்கறை ஒட்டியிருந்தது. சுத்த சைவக்காரர் வேறு.

இரண்டே வரியில் தீர்ப்பு. பொருள் ஆயுதமல்ல, எதிரியான சிலுவையம்மாள் விடுதலை. தாமோதரனை ஏமாற்று வழக்கில் போடலாமா என்று இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே கேட்டார். ஏமாந்தவர் யார் என்று எழுத வேண்டுமே என்று மாஜிஸ்திரேட் சொல்லவில்லை. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கறுப்புக் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டே அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் சிலுவையம்மாள் நின்றிருந்தாள். தாமோதரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். அவள் காலில் விழுந்து கும்பிடப்போகிறாள் என்றே நினைத்திருப்பான்.

"பாத்தியா, உனுக்கோசரம் எம் பேரையே உட்டுட்டேன்" என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கத்தவில்லை. குப்பத்தையே எழுப்புகிற அந்தத் தொண்டையில் அன்றைக்குச் சத்தமே இல்லை.

"எனுக்கோசரமா? முப்பத்தோரு நாளு நா உள்ள கெடந்தேன். எம் மீனு புயுத்துப் போச்சி. அப்போ உன் வாயி தொறக்கல. உன் வேலைய ஒரு வெள்ளக்காரன் அவன் ஊரு வேலைன்னான், ஒரு நிமிசத்துல தொறந்துட்ட. அவன் மட்டும் வராட்டி, நீ அசலுன்னுதான் சொல்லியிருப்ப. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில் கேட்டான். "ரைட்டரே, அந்த தொர மெய்யாலுமே லண்டன் வேலைன்னுதானே சொன்னான்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். இந்த மனுஷனுக்குச் சூடு சுரணையே கிடையாதா என்று அவளைப் பார்த்துக் கையை விரித்தேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சிலுவையம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வாயத் தொறக்க ஒரு வெள்ளக்காரன் வந்தான்" என்றாள். "நீ தொறக்கறதுக்கு யாரு வரணும் ரைட்டரே?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஏழு வருஷம் ஆகிறது. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.